என் விரதத்துக்கு யார் பட்டினி கிடப்பது?

அயர்லாந்துக்கு வந்த புதிதில் எங்களுக்கு வேடிக்கையாக இருந்த விஷயங்களில் ஒன்று, பெரிய வெள்ளிக்கிழமை அன்று பப்கள் மூடிக் கிடப்பது. பப் என்றாலே அயர்லாந்துதான் என்று நினைத்து வந்த சுற்றுலாப் பயணிகள், பூட்டிய கதவுகளுக்கு முன்னால் திருதிருவென்று விழித்துக்கொண்டு நிற்பார்கள். இயேசு உயிர்விட்ட நாளில் மது விற்கக் கூடாது என்று 1927-ல் போட்ட சட்டம் அது. தொண்ணூறு வருஷம் கழித்து, 2018-ல்தான் அதை எடுத்தார்கள்.

"நம்ம ஊர்ல வள்ளலார் நினைவு நாளைக்கும் மகாவீர் ஜெயந்திக்கும் டாஸ்மாக்கை மூடுறாங்களே, அது மாதிரிதான்" என்பார் என் கணவர். உண்மைதான். ஒரு நாள் கடை மூடினால் யாருக்கும் குடி முழுகிப் போய்விடாது. வேண்டியவர்கள் வியாழக்கிழமையே வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

ஆனால் மதம் சொல்கிற ஒழுக்கத்தைச் சட்டமாக்கும் வழக்கம் கடைக் கதவோடு நின்றுவிடுவதில்லை. படுக்கையறைக்குள் வரும், பள்ளிக்கூட வாசலில் நிற்கும், ஆஸ்பத்திரிக் கட்டில் வரைக்கும் வரும். அயர்லாந்தில் வந்தது. நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும், "மதம் சொல்றதுதானே நியாயம், அதையே சட்டமா வச்சா என்ன தப்பு?" என்ற கேள்வி உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கும் ஒருநாள் வந்திருக்கும். அதற்கு இந்த நாடு என்ன பதில் கண்டது என்பதை, இங்கே பிள்ளைகளை வளர்க்கிற ஒரு தாயாக எழுதுகிறேன்.

அடிபட்டவர்களே அடித்த கதை

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அயர்லாந்துக் கத்தோலிக்கர்கள் மதச் சட்டத்தால் மிதிபட்ட மக்கள். பிரிட்டிஷ் ஆட்சியில், ஆளுகிறவர்கள் புராட்டஸ்டன்ட் என்பதால், கத்தோலிக்கர்கள் நிலம் வாங்கவும் பள்ளி நடத்தவும் வாக்களிக்கவும் தடை இருந்த காலம் உண்டு. டேனியல் ஓ'கானல் போன்றவர்கள் போராடி, 1829-ல்தான் ஒரு கத்தோலிக்கர் நாடாளுமன்றத்தில் உட்கார முடிந்தது.

அந்த மக்கள் 1922-ல் தங்களுக்கென்று ஒரு நாட்டை அமைத்தபோது என்ன செய்தார்கள்? தங்கள் திருச்சபையின் ஒழுக்கத்தைச் சட்டமாக எழுத ஆரம்பித்தார்கள். 1925-ல் விவாகரத்துக்கு வழியே இல்லாமல் செய்யும் பேச்சு வந்தபோது, செனட்டில் இருந்த கவிஞர் டபிள்யூ. பி. யேட்ஸ் எழுந்து எதிர்த்தார். சிறுபான்மை புராட்டஸ்டன்ட் மக்கள் மீது பெரும்பான்மையின் ஒழுக்கத்தைத் திணித்தால், பிரிந்து நிற்கும் வட அயர்லாந்து ஒருநாளும் சேராது என்பது அவர் வாதம். யாரும் கேட்கவில்லை. 1935-ல் கருத்தடைச் சாதனங்களை விற்பதும் இறக்குமதி செய்வதும் குற்றமானது. 1937 அரசியலமைப்பு விவாகரத்தைத் தடை செய்தது; கத்தோலிக்கத் திருச்சபைக்கு ஒரு 'சிறப்பு இடம்' உண்டு என்றும் எழுதியது.

இலங்கைத் தமிழ் வாசகர்களுக்கு இந்த வரி எங்கோ கேட்ட மாதிரி இருக்கும். 1972-ல் இலங்கை அரசியலமைப்பு பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுத்தது. அதே 1972-ல்தான் அயர்லாந்து மக்கள் வாக்கெடுப்பு நடத்தி, 84 சதவீத ஆதரவோடு தங்கள் 'சிறப்பு இடம்' வரியை நீக்கினார்கள். ஒரு நாடு எழுதிய வருஷத்தில் இன்னொரு நாடு அழித்தது.

வரியை அழித்தாலும் பழக்கம் போகவில்லை. நம்ம ஊர்ச் சுவர்களில் சிவப்பு முக்கோணம் சிரித்துக்கொண்டிருந்த காலத்தில், இங்கே ஒரு கல்யாணமான பெண் கருத்தடைச் சாதனம் வாங்க முடியாது. 1971 மே மாதம் பெண்கள் சிலர் டப்ளினிலிருந்து பெல்ஃபாஸ்ட்டுக்கு ரயிலில் போய், அங்கே வாங்கிக்கொண்டு வந்து, டப்ளின் ஸ்டேஷனில் சுங்க அதிகாரிகள் கண்ணெதிரே தூக்கிக் காட்டினார்கள். இன்னொரு கர்ப்பம் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொன்ன ஒரு தாய், நாலு பிள்ளை பெற்றவர், தபாலில் வரவழைத்த சாதனத்தைச் சுங்கத் துறை பிடித்து வைத்துக்கொண்டது. மேரி மகீ என்ற அந்தப் பெண் உச்ச நீதிமன்றம் வரை போய் 1973-ல் ஜெயித்தார். அதற்குப் பிறகும் 1979-ல் வந்த சட்டம், டாக்டர் சீட்டு இருந்தால்தான் தருவோம் என்றது.

விவாகரத்துக்கு 1986-ல் வாக்கெடுப்பு வைத்தார்கள், தோற்றது. 1995-ல் மறுபடி வைத்தார்கள். 16 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாக்களித்ததில் 9,114 வாக்கு வித்தியாசத்தில் வென்றது. அது வரைக்கும், அடித்து உதைக்கும் கணவனிடமிருந்து பிரிந்து போன பெண், சட்டத்தின் கண்ணில் சாகும் வரை அவன் மனைவிதான். அவள் எந்த மதமாக இருந்தாலும்!

சவிதா

2012 அக்டோபர் மாதக் கடைசியை இங்கே இருக்கும் இந்தியக் குடும்பங்கள் மறக்க மாட்டார்கள். சவிதா ஹலப்பனவர், 31 வயது. கர்நாடகத்துப் பெண், பல் டாக்டர். 17 வாரக் கர்ப்பத்தோடு கால்வே ஊர் மருத்துவமனையில் சேர்ந்தார். கரு கலைந்துகொண்டிருக்கிறது, குழந்தை பிழைக்காது என்று டாக்டர்களே சொல்லிவிட்டார்கள். அப்படியானால் முடித்துவிடுங்கள் என்று சவிதாவும் கணவரும் கேட்டார்கள். கருவின் இதயம் துடித்துக்கொண்டிருந்தது. அது துடிக்கும் வரை எதுவும் செய்ய முடியாது என்பது பதில்.

1983-ல் அரசியலமைப்பில் சேர்த்த எட்டாவது திருத்தம், தாயின் உயிருக்கும் கருவின் உயிருக்கும் சம உரிமை என்றது. தாயின் உயிருக்கு ஆபத்து என்று உறுதியானால் மட்டுமே தலையிடலாம். எவ்வளவு ஆபத்து வந்தால் ஆபத்து என்று யாரும் எழுதி வைக்கவில்லை. தப்பாகக் கணித்தால் டாக்டர் ஜெயிலுக்குப் போக வேண்டி வரலாம். ஏன் முடியாது என்று விளக்கும்போது, இது கத்தோலிக்க நாடு என்று தான் சொன்னதாக ஒரு மருத்துவச்சி பிற்பாடு மரண விசாரணையில் ஒப்புக்கொண்டார். கெட்ட எண்ணத்தில் சொன்னதாகத் தெரியவில்லை. அந்நியப் பெண்ணுக்கு நிலைமையைப் புரியவைக்கச் சொன்னது. சவிதா இந்து.

அக்டோபர் 28 அன்று ரத்தத்தில் நஞ்சு பரவி அவர் இறந்தார். நோய்த்தொற்றைக் கவனிப்பதில் மருத்துவமனைப் பக்கமும் தவறுகள் இருந்தன என்று விசாரணைகள் சொன்னதையும் மறைக்கக் கூடாது. ஆனால் அந்தச் சட்டம் அன்றைக்கு அந்தக் கட்டிலில் யாரைக் காப்பாற்றியது? குழந்தையைக் காப்பாற்ற முடியாது என்பது முதலிலேயே தெரியும். தாயும் போனார்.

ஒரு மதத்தின் ஒழுக்கம், அந்த மதத்தைச் சேராத ஒரு பெண்ணின் உடம்பில் செயல்பட்டது. எனக்கு அதுதான் இன்று வரைக்கும் ஆறவில்லை. நான் கார்த்திகை சோமவார விரதம் இருக்கிறேன் என்றால், பசி என் வயிற்றில்தான் இருக்க வேண்டும். பக்கத்து வீட்டு அடுப்பை அணைத்துவிட்டு வந்து நான் புண்ணியம் தேட முடியாது.

தோழி கேட்ட கேள்வி

இதையே ஒரு தோழியிடம் சொன்னபோது அவள் விடவில்லை. தூத்துக்குடிக்காரி, கத்தோலிக்கக் குடும்பம், இங்கே பிரசவ வார்டில் நர்ஸ். 2018 வாக்கெடுப்பில் எட்டாவது திருத்தம் இருக்கட்டும் என்று வாக்களித்தவள். அவள் சொன்னதை அப்படியே தருகிறேன்.

"அக்கா, நீங்க எல்லாரும் இதை மதம்னு சொல்லிடுறீங்க. எனக்கு இது மதம் இல்ல. 22 வாரத்துல பொறந்து கொஞ்ச நேரம் மூச்சு விட்ட பிள்ளையை இந்தக் கையில வச்சிருக்கேன். அது யாரும் இல்லன்னு எப்படிச் சொல்வேன்? விரதம்னா பசி என்னோடதுங்கிறீங்க, சரி. இங்க இன்னொரு உயிர் இருக்குன்னு நான் நம்புறேனே. திருடாதேன்னு பைபிள்லயும் இருக்கு. அதனால திருட்டுச் சட்டத்தை எடுத்துடுவோமா?"

இது லேசான கேள்வி இல்லை. மதம் பேசினாலே வாயை மூடு என்று சொல்கிறவர்களுக்கு இதற்குப் பதில் கிடையாது. அடிமை வியாபாரத்தை ஒழிக்க பிரிட்டனில் முன்னால் நின்றவர்கள் குவேக்கர்கள் போன்ற பக்திமான்கள்தான். ஓ'கானலும் அடிமை முறையைக் கடுமையாக எதிர்த்தவர். மனசாட்சிக்கு மதம் எண்ணெய் ஊற்றிய இடங்கள் சரித்திரத்தில் நிறைய.

என் தோழியின் பேச்சைத் திரும்பக் கவனியுங்கள். அவள் 'போப் சொன்னார்' என்று சொல்லவில்லை. தன் கையில் பிடித்ததைச் சொன்னாள். திருட்டைக் குற்றம் என்பதற்கு பைபிள் வேண்டாம். பறிகொடுத்தவன் அழுகை போதும். அடிமை முறையைத் தப்பு என்பதற்கும் சங்கிலியில் கட்டப்பட்டவனைப் பார்த்தால் போதும். நம்பாதவனும் எடை போட்டுப் பார்க்கக்கூடிய காரணம் இருந்தால், அது எந்தக் கோயிலிலிருந்து வந்தால் என்ன, சபையில் வைக்கலாம். நான் இந்துவாக இருந்தாலும் அவள் காரணத்தை என்னால் எடை போட முடிகிறது. அதனால்தான் அது என்னைத் தூங்கவிடாமல் செய்தது.

எடை போட்டபோது எனக்குத் தோன்றியது இதுதான்: உயிர் எந்த வாரத்தில் முழு மனிதனாகிறது என்பதில் மதங்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. 1983-ல் அந்தத் திருத்தத்தின் வாசகத்துக்கு அயர்லாந்தின் புராட்டஸ்டன்ட் சபைகளே தயக்கம் தெரிவித்தன. அவர்களும் அதே பைபிளைப் படிப்பவர்கள். இப்படி நேர்மையானவர்களே இரண்டாகப் பிரியும் இடத்தில், ஒரு பக்கத்தின் நம்பிக்கையை அரசியலமைப்பில் பூட்டிவிட்டு, அதன் விலையை மறுபக்கத்துப் பெண்ணிடம் வசூலிப்பது நியாயமாகத் தெரியவில்லை. தோழி இதை ஏற்கவில்லை. "சவிதாவுக்கு நடந்தது தப்புதான். அதுக்காகக் கதவை முழுசாத் திறக்கணுமா?" என்றாள். இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம்.

2018 மே 25 அன்று 66.4 சதவீதம் பேர் திருத்தத்தை நீக்க வாக்களித்தார்கள். 2016 கணக்கெடுப்பில் தங்களைக் கத்தோலிக்கர் என்று சொன்னவர்கள் சுமார் 78 சதவீதம். கூட்டிக் கழித்துப் பாருங்கள்: ஆயிரக்கணக்கான கத்தோலிக்கர்கள் நீக்கச் சொல்லாமல் இந்த எண்ணிக்கை வராது. எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டி ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர். 'நான் செய்ய மாட்டேன், என் பேத்தியும் செய்யக் கூடாது என்றுதான் ஜெபிப்பேன், ஆனால் போலீஸைக் கூப்பிட மாட்டேன்' என்றார். பாவத்துக்கும் குற்றத்துக்கும் நடுவில் உள்ள கோட்டை இதைவிடச் சுருக்கமாக நான் யாரிடமும் கேட்டதில்லை.

ஞானஸ்நானச் சீட்டு

சவிதா கதை எல்லார் வீட்டிலும் நடப்பதில்லை. இது நடக்கும். இங்கே ஆரம்பப் பள்ளிகளில் பத்தில் ஒன்பது கத்தோலிக்கத் திருச்சபையின் பொறுப்பில் உள்ளவை. ஆசிரியர் சம்பளம் கொடுப்பது அரசாங்கம், அதாவது நம் வரிப்பணம். 2013-ல் மூத்த மகளுக்கு இடம் கேட்டு வீட்டுக்கு நாலு தெரு தள்ளி உள்ள பள்ளிக்குப் போனோம். இடம் குறைவு என்றால் ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைகளுக்குத்தான் முதலிடம் என்றார்கள். சட்டப்படி அவர்கள் செய்தது சரி. 2000-ம் ஆண்டின் சம உரிமைச் சட்டமே மதப் பள்ளிகளுக்கு அந்த விலக்கைக் கொடுத்திருந்தது.

"பேசாம ஞானஸ்நானம் கொடுத்துடலாம், தண்ணிதானே" என்று சொன்ன தமிழ்க் குடும்பங்கள் எனக்குத் தெரியும். எங்களுக்கு மனசு வரவில்லை. நம்பாமல் நம்புகிறேன் என்று சொல்லி இடம் வாங்கினால், நம் பிள்ளைக்கும் பொய், அவர்கள் சடங்குக்கும் அவமானம். மகள் இரண்டு பஸ் மாறி வேறு பள்ளிக்குப் போனாள். 2018-ல் சட்டம் மாறியது. ஆரம்பப் பள்ளிகள் மதத்தை வைத்துச் சேர்க்கக் கூடாது என்றார்கள், சிறுபான்மை மதப் பள்ளிகளுக்கு மட்டும் சின்ன விலக்கோடு. இளைய மகன் நாலு தெரு நடந்தே போனான்.

அந்த மாற்றத்துக்காகக் கையெழுத்து வாங்கியவர்களில் கத்தோலிக்கப் பெற்றோரும் இருந்தார்கள். இடத்துக்காக வருகிற பொய் பக்தி தங்கள் கோயிலுக்கு வேண்டாம் என்றார் ஒருவர். மதத்தைச் சட்டத்தோடு கட்டினால் முதலில் கெடுவது மதம்தான் என்பதை அவர் அனுபவத்தில் கண்டிருந்தார். கன்னியாஸ்திரீகள் நடத்திய மாக்டலீன் சலவை நிலையங்களில் 'ஒழுக்கம் தவறியவர்கள்' என்று பெண்களை அடைத்து வேலை வாங்கினார்கள். கடைசி நிலையம் 1996-ல்தான் மூடப்பட்டது. 2013-ல் பிரதமர் அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். அரசும் மதமும் ஒரே பக்கம் நின்றபோது, அந்தப் பெண்கள் போய் முறையிட மூன்றாவது வாசல் இல்லை.

இங்கே ஒரு நியாயம், அங்கே ஒரு நியாயமா?

இப்போது நம் பக்கம் வருவோம். பள்ளி இடத்துக்காக என்னோடு சேர்ந்து கொதித்த சிலரே, ஊர் விஷயம் வந்தால் வாட்ஸ்அப்பில் வேறு குரலில் பேசுகிறார்கள். யார் என்ன இறைச்சி சாப்பிடலாம், யார் யாரைக் கல்யாணம் செய்யலாம் என்பதை எல்லாம் 'நம்ம தர்மப்படி' சட்டமாக்க வேண்டுமாம். டப்ளினில் நாம் சிறுபான்மை, அதனால் சட்டம் மதம் பார்க்கக் கூடாது. ஊரில் நாம் பெரும்பான்மை, அதனால் பார்க்கலாம். இதற்குப் பெயர் தர்மமா, வசதியா?

நம் சரித்திரத்திலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. சுயமரியாதைத் திருமணங்கள் ஐயர் இல்லாமல், மந்திரம் இல்லாமல், சபை முன்னால் மாலை மாற்றி நடந்தவை. சாஸ்திரச் சடங்கு இல்லை என்பதால் அப்படி ஒரு திருமணம் செல்லாது என்று 1950-களில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. வருஷக்கணக்கில் குடும்பம் நடத்திய பெண் திடீரென்று மனைவி இல்லை, பிள்ளைகளுக்குச் சொத்தில் கேள்வி! 1967-ல் அண்ணா ஆட்சி, இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ என்ற பிரிவைச் சேர்த்து, முன்பு நடந்தவை உட்பட அத்திருமணங்களைச் செல்லும் என்றாக்கியது. அந்தச் சட்டம் அக்னி வளர்த்துத் தாலி கட்டுவதைத் தடுக்கவில்லை. என் கல்யாணம் அக்னி சாட்சியாகத்தான் நடந்தது. என் பெரியப்பா மகள் கல்யாணம் ஒரு தமிழாசிரியர் தலைமையில் நடந்தது. இரண்டும் செல்லும். யாருடைய சாமியும் கோபித்துக்கொள்ளவில்லை.

அதனால் பிள்ளைகள் இந்தக் கேள்வியைக் கேட்டால் நான் மூன்று கேள்வி திருப்பிக் கேட்கச் சொல்கிறேன். நம் சாமியைக் கும்பிடாதவரிடமும் சொல்லக்கூடிய காரணம் இந்தச் சட்டத்துக்கு இருக்கிறதா? இதன் விலையைக் கொடுப்பது கேட்டவரா, அடுத்தவரா? நாம் சிறுபான்மையாக இருக்கும் ஊரில் இதே சட்டத்தை அவர்கள் மதம் கொண்டுவந்தால் ஒப்புக்கொள்வோமா? மூன்றிலும் தேறினால், அது வேதத்திலிருந்து வந்திருந்தாலும் சரி, சட்டமாகட்டும். தேறாவிட்டால், அது எவ்வளவு நல்ல ஒழுக்கமாக இருந்தாலும் நம் வீட்டுக்குள் இருக்கட்டும். என் பிள்ளைகளுக்கு நான் விரதம் சொல்லிக்கொடுப்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

என் தூத்துக்குடித் தோழி இன்னும் அதே வேலையில்தான் இருக்கிறாள். 2018-ன் புதிய சட்டத்தில் ஒரு பிரிவு உண்டு: மனசாட்சி ஒப்பாத டாக்டரோ நர்ஸோ மருத்துவச்சியோ கருக்கலைப்பில் பங்கெடுக்க வேண்டியதில்லை, தாயின் உயிருக்கோ உடல்நலத்துக்கோ உடனடியாகப் பெரும் ஆபத்து வரும் அவசரத்தைத் தவிர. அவள் அதன்படி தன் மேலதிகாரியிடம் சொல்லிவிட்டாள். யாரும் முகம் சுளிக்கவில்லை. அவள் வேலை போகவில்லை. வாக்கெடுப்பில் தோற்ற பக்கத்தில் நின்றவளுடைய நம்பிக்கைக்கும் இந்தச் சட்டம் ஒரு வரி எழுதி வைத்திருக்கிறது. 1983-ல் எழுதியவர்கள் சவிதாவுக்கு அப்படி ஒரு வரி எழுதவில்லை.